முதல் மழை, மாமாங்கம்

தொப்பூர் இறக்கத்தை ரெண்டாவது கியரில் இறங்கினேன்.
நியூட்ரலில் விட்டால் மூணு லிட்டர் மிச்சம் என்பார் பொன்னுரங்கம் முதலாளி.
மிச்சம் பிடித்தவர்களின் கண்ணாடிச் சில்லுகள்
தடுப்புச் சுவரடியில் இன்னும் மினுங்குகின்றன.
பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.
அடிக்கட்டும்.
இருபத்தாறு டன் எஃகுச் சுருளுக்குக் காது கிடையாது.

ஓமலூரில் டீ.
மலை முடிந்ததென்று
கால் தளர்ந்தது.

கருப்பூர் தாண்டியதும் பிடித்தது மழை,
நாலு மாதத்துக்குப் பிறகு.
முதல் மழையில் சாலை குளிப்பதில்லை,
எண்ணெய் தேய்த்துக்கொள்கிறது.
சொட்டிய டீசல், தேய்ந்த டயரின் கரி,
அதன்மேல் வெள்ளைக்கல் டிப்பர்கள் சிந்திப்போன மாவு,
எல்லாம் குழைந்து.
இடப்பக்கம் சேர்வராயன் மலை
மேகத்தை முக்காடு போட்டிருந்தது.
வலப்பக்கம் வெட்டிக் குவித்த கரடு, சுண்ணாம்பாய்.
நடுவில் சாலையும் வெளுத்திருந்தது.

இந்த வெள்ளையை எனக்குத் தெரியும்.

பானிஹால், ஒரு தை மாதம்.
பார்த்தால் ஈரம், மிதித்தால் கண்ணாடி.
முன்னால் போன குர்மேலின் டிரெய்லர்
சத்தமே இல்லாமல் மடங்கியது,
பாக்குவெட்டியின் ரெண்டு கைகள் சேர்வதுபோல.
அவர் உட்கார்ந்திருந்த கேபின்தான் பாக்கு.
வெளியே இழுத்துப் போட்டபோது உயிர் இருந்தது.
காலைக் கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை,
பிரேக் அடிச்சிட்டேன், பிரேக் அடிச்சிட்டேன் என்று
திருட்டை ஒப்புக்கொள்கிறவர்போல
சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாமாங்கம் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால்
ஒரு லோடு ஆட்டோ, நடுச்சாலையில்,
குண்டு மாம்பழக் கூடைகளுக்குத் தார்ப்பாய் போர்த்த நின்றிருக்கிறது.
பழம் நனையக் கூடாதாம்.

என் கால் மிதித்துவிட்டது.
மிதித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.
சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை.
வலது கண்ணாடியில் என் டிரெய்லர் தெரிந்தது,
தெரியக் கூடாத அளவுக்கு,
ஓரத்திலிருந்து மெல்ல, என்னைப் பார்க்க வருவதுபோல.

எடு.
மிதிப்பது உடம்பே செய்துகொள்ளும்.
எடுப்பதற்கு
உள்ளே தனியாக ஒரு ஆள் வேண்டும்.
அவன் வர ஒரு நொடி ஆனது,
அதற்குள் பானிஹாலுக்குப் போய்த் திரும்பினேன்.

எடுத்தேன். சக்கரம் உருண்டது.
ஸ்டியரிங்கை ஒடிக்கவில்லை, பிடித்திருந்தேன், அவ்வளவுதான்.
அப்புறம் வெளியே சொன்னால் நம்பமாட்டார்கள்:
ஆக்ஸிலேட்டரைத் தொட்டேன்.
ஒரு நூல். அரை நூல்.
தொய்ந்த தேர்வடம் விறைப்பதுபோல
இழுபட்டு, முனகி, பின்னால் வந்து நின்றது டிரெய்லர்,
நேராக.

வழியெல்லாம் எனக்கு முன்னால் நான் விட்டுவந்த இடைவெளி,
கார்க்காரர்கள் நுழைந்து நுழைந்து கேலி செய்த இடைவெளி,
அந்த வெற்று இடம்தான் மிச்சமிருந்தது கையில்.
அதைச் செலவு செய்து
வலது தடத்துக்கு நகர்ந்தேன்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.
தலையில் சாக்கு, பல்லில் கயிறு,
முடிச்சிலேயே கண்.
அவர் உயிரோடு இருக்கிற விஷயம்
அவருக்குப் புதிதில்லை.

பாலம் தாண்டி ஓரம் கட்டினேன்.
நாலு விளக்கும் மினுக்க விட்டு இறங்கினால்
செருப்பு முழுக்க வெள்ளைச் சேறு.
குனிந்து தொட்டேன்.
வெதுவெதுப்பாக இருந்தது.
வெயில் காய்ந்த தார், சூடு விடாமல்.
இளஞ்சூட்டில் ஒரு பனி.
இதற்குச் சங்கிலி கட்டச் சொல்லி யாரும் பலகை வைப்பதில்லை.

போன் அடித்தது. முதலாளி.
எங்கப்பா இருக்கற, இன்னுமா வரல?

ரோட்டு மேலதாங்ணா, என்றேன்.
ரோட்டு மேலதான் இருக்கறேன்.